வண்டி வீட்டில், ஆள் வெளியூரில்: பெட்ரோலை நிரப்பி வைப்பதா, வடித்துவிடுவதா?

திருநெல்வேலி வட்டாரத்தில் மேலப்பாளையம், ஏர்வாடி, கடையநல்லூர் பக்கம் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் போர்வை போர்த்திய பைக் ஒன்று கண்ணில் படும். வீட்டுப் பிள்ளை துபாயிலோ தம்மாமிலோ இருப்பார். பாளையங்கோட்டையில் மகாராஜநகர், பெருமாள்புரம் வீடுகளில் நிற்கும் வண்டிகளுக்குச் சொந்தக்காரர்கள் பெங்களூரிலோ ஜெர்மனியிலோ இருப்பார்கள். ராணுவத்திலும் கப்பலிலும் வேலை பார்ப்பவர்களின் வண்டிகள் தனிக் கணக்கு. ஆள் திரும்ப ஆறு மாதமும் ஆகலாம், ஒப்பந்தப்படி இரண்டு வருடமும் ஆகலாம். பெட்டியில் எதை வைப்பது, எதை விடுவது என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொள்ளும் வீட்டில், டேங்கில் கிடக்கிற பெட்ரோலைப் பற்றிய பேச்சு கடைசி நாள் சாயங்காலம்தான் வரும்.

வழியனுப்ப வந்தவர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். அப்படியே விடுங்கள், ஒன்றும் ஆகாது என்பார் ஒருவர். முழுக்க நிரப்பி வையுங்கள், துருப் பிடிக்காது என்பார் இன்னொருவர். ஒரு சொட்டு இல்லாமல் வடித்துவிடுங்கள் என்பது மூன்றாவது யோசனை. மைத்துனர் வாரம் ஒருமுறை வந்து ஸ்டார்ட் செய்துவிடுவார், கவலையே வேண்டாம் என்பது நான்காவது. நான்குமே ஏதோ ஒரு வண்டிக்குப் பொருந்தும். ஆனால் எல்லோருக்கும் பிடித்த அந்த நான்காவது யோசனைதான், நடைமுறையில் செய்யப்படும் விதத்தில், அதிகக் கெடுதல் செய்கிறது என்பது என் கட்சி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பெட்ரோல் ஏன் கெடுகிறது என்று பார்த்துவிடலாம். மூன்று காரணங்கள். பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் லேசான பகுதிகள் உண்டு; காலையில் குளிர்ந்த எஞ்சின் ஒரே உதையில் பற்றிக்கொள்வது அவற்றால்தான். டேங்க் மூடியின் காற்றுத் துளை வழியாக முதலில் வெளியேறுவதும் அவையே. இரண்டாவது, மிச்சமிருக்கும் பகுதி காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து பலாப்பால் போன்ற ஒரு பிசினாக மாறுகிறது. வெப்பம் கூடக் கூட இந்த மாற்றம் வேகமெடுக்கும். மூன்றாவது எத்தனால். 2022 ஜூன் மாதத்திலேயே நாட்டின் பெட்ரோலில் 10 சதவீத எத்தனால் கலப்பு எட்டப்பட்டுவிட்டது. 2023 முதல் 20 சதவீதக் கலப்பு படிப்படியாக வந்து, இப்போது நம் பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பதே அதுதான். எத்தனால் தண்ணீரை இழுத்துத் தன்னோடு வைத்துக்கொள்ளும். அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். இரும்பை அரிப்பது அந்த அடிமட்டத் திரவம். ஆக்டேன் எண் கூடிய விலை உயர்ந்த பெட்ரோலை ஊற்றிவிட்டால் தப்பிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆக்டேன் கூடுதல் என்பதால் எத்தனால் இல்லை என்று ஆகிவிடாது.

இந்தத் தண்ணீர் விஷயத்தில் பயம் கொஞ்சம் மிகையாகிவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 டிகிரி வெப்பத்தில் ஈரம் முழுக்க நிறைந்த காற்று, ஒரு கன மீட்டருக்குச் சுமார் 30 கிராம் தண்ணீரைத்தான் தாங்கும். அப்படியென்றால் காலியான 10 லிட்டர் டேங்க் முழுக்க அந்தக் காற்றே இருந்தாலும் உள்ளே இருப்பது 0.3 கிராம், அதாவது ஆறேழு சொட்டு. பகலில் சூடாகி இரவில் குளிரும்போது டேங்க் இழுத்துக்கொள்ளும் காற்று இதில் ஒரு சிறு பங்குதான். மறுபக்கம், 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலே லிட்டருக்கு ஏறத்தாழ 5 மில்லி தண்ணீரைப் பிரியாமல் தாங்கும். 20 சதவீதக் கலப்பு இன்னும் கூடுதலாகத் தாங்கும். ஆக, நிறைந்த டேங்கில் காற்றின் ஈரத்தால் மட்டும் பெட்ரோல் பிரிந்துபோக வெகுகாலம் ஆகும். நிஜமான தண்ணீர் வருவது வேறு வழியில். டேங்க் மூடியைச் சுற்றி விழும் மழைநீர் வடிய ஒரு சின்னத் துளை உண்டு. அதில் மண் அடைத்துக்கொண்டால், ஐப்பசி மழை ஒன்று போதும், மூடியின் பழைய ரப்பர் வழியாக உள்ளே இறங்கிவிடும். வெளியே நிற்கும் வண்டிக்குப் பெட்ரோல் கெடாதிருக்க எந்த மருந்தை ஊற்றுவது என்று கேட்பதற்கு முன் அந்தத் துளையை ஒரு கம்பியால் குத்திச் சுத்தம் செய்யலாம்.

இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை பனி பெய்யும் நாடுகளிலிருந்து வருபவை. அங்கே வண்டி நிற்பது நான்கைந்து மாதக் குளிரில். நமக்குச் சித்திரை, வைகாசி வெயில்; ஆனி, ஆடியில் தென்காசி, செங்கோட்டை பக்கம் சாரல்; ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. குளிர்நாட்டில் ஒரு வருடம் தாங்கும் என்று அந்த மருந்துக் குப்பியில் அச்சிட்டிருந்தால், தகரக் கூரைக்கு அடியில் நிற்கும் பாளையங்கோட்டை வண்டிக்கு நான் பாதியைத்தான் நம்புவேன். பங்குனியில் கிளம்புகிறவரும் தை பிறந்து கிளம்புகிறவரும் கூட ஒரே நிலையில் இல்லை. முன்னவரின் பெட்ரோல் முதல் மூன்று மாதத்திலேயே முழுக் கோடையையும் பார்த்துவிடுகிறது.

இனி யோசனைகளுக்கு வருவோம். அப்படியே விட்டுவிடுவது, ஒரு மாதத்துக்குள் திரும்புகிறவருக்குச் சரி. அதற்கு மேல் அது யோசனையே அல்ல, சோம்பல். அதிலும் டேங்கில் கால்வாசி பெட்ரோலோடு விட்டுப் போவது எல்லாக் கெடுதலும் சேர்ந்தது: பெட்ரோல் குறைவு என்பதால் சீக்கிரம் கெடும், மேலே முக்கால்வாசி இரும்பு வெறுமனே காற்றில் நின்று துருப் பிடிக்கும்.

நிரப்பி வைப்பதும் வடித்துவிடுவதும்தான் உண்மையான போட்டி. இதில் முடிவெடுக்க வண்டியைப் பற்றி ஒன்று தெரிந்தாக வேண்டும்: எஞ்சினுக்குப் பெட்ரோல் தருவது, காற்றோடு கலந்து உறிஞ்சவிடும் கார்புரேட்டரா, பம்ப் மூலம் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷனா? 2020 ஏப்ரலில் புகை மாசைக் குறைக்கும் பிஎஸ்-6 விதி வந்த பிறகு விற்ற பைக்குகளில் மிகப் பெரும்பாலானவை இன்ஜெக்‌ஷன். அதற்கு முந்தைய ஸ்ப்ளெண்டர், பல்சர், புல்லட் என்றால் அநேகமாகக் கார்புரேட்டர். சந்தேகம் இருந்தால் சாவியைத் திருப்பிக் காதைக் கொடுங்கள். டேங்குக்குள்ளிருந்து இரண்டு விநாடி ஒரு ரீங்காரம் கேட்டால் அது இன்ஜெக்‌ஷன் வண்டியின் பெட்ரோல் பம்ப்.

அந்தப் பம்ப்தான் இன்ஜெக்‌ஷன் வண்டியின் முடிவைத் தீர்மானிக்கிறது. அது டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கியே இருக்கும்படி செய்யப்பட்டது. அதைக் குளிர்விப்பதும் அதற்கு வழவழப்புத் தருவதும் அந்தப் பெட்ரோலே. டேங்கை வடித்துவிட்டு மிச்சத்தையும் தீர்க்கலாம் என்று எஞ்சினை ஓடவிட்டால் பம்ப் வறண்டு சுற்றும். வடித்த டேங்கில் மாதக்கணக்கில் நின்றால் அதன் ரப்பர் பாகங்கள் காய்ந்து சுருங்கும், உலோகம் துருவைப் பிடிக்கும். பம்ப் மாற்றுவது சில ஆயிரம் ரூபாய் வேலை. எனவே இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு நான் தயங்காமல் சொல்வது: நிரப்பி வையுங்கள். இரண்டு மாதம் என்றால் புதுப் பெட்ரோல் மட்டும் போதும். மூன்று முதல் எட்டு மாதம் வரை என்றால் பெட்ரோலில் கலக்கும் ஸ்டெபிலைசர் திரவத்தைச் சேர்த்து நிரப்ப வேண்டும்.

ஸ்டெபிலைசரைப் பற்றி நம் பக்கம் இரண்டு தவறான நம்பிக்கைகள் உலவுகின்றன. கெட்ட பெட்ரோலை அது நல்லதாக்கும் என்பது ஒன்று. ஆக்காது. பிசின் உண்டாவதை அது தள்ளிப்போடும், அவ்வளவுதான். ஆகவே புதிதாகப் பிடித்த பெட்ரோலில்தான் கலக்க வேண்டும். தண்ணீரை அது எடுத்துவிடும் என்பது மற்றொன்று. அதுவும் இல்லை. குப்பியில் போட்டிருக்கும் அளவில் முதலில் திரவத்தை ஊற்றிவிட்டு, பிறகு பங்க்கில் பெட்ரோல் பிடித்தால் தானாகக் கலந்துவிடும். அதன் பிறகு கால் மணி நேரமாவது வண்டியை ஓட்ட வேண்டும். வண்ணார்பேட்டையில் பிடித்துக்கொண்டு பாளையங்கோட்டை வரை ஒரு சுற்று வந்தால் போதும். மருந்து கலந்த பெட்ரோல் பம்ப், குழாய், இன்ஜெக்டர் வரை போய்ச் சேர்ந்துவிடும். இதைச் செய்யாமல் டேங்கில் மட்டும் ஊற்றி நிறுத்தினால், எங்கே அடைக்குமோ அங்கே பழைய பெட்ரோலே நிற்கும். எல்லா உதிரிபாகக் கடைகளிலும் கிடைக்கிற சரக்கல்ல இது. கிளம்புவதற்கு முந்தின நாள் தேடினால் ஏமாற்றம்தான்; இணையத்தில் முன்கூட்டியே வரவழைத்துவிடுவது நல்லது.

நிரப்புவது என்றால் வாய் வரை நிரப்புவதல்ல. பெட்ரோல் சூட்டில் விரியும். 10 லிட்டர் பெட்ரோல் 15 டிகிரி சூடேறினால் சுமார் 150 மில்லி கூடும். அதிகாலையில் தளும்பத் தளும்ப நிரப்பிய டேங்க், மதியம் வழிந்து பெயின்ட்டைக் கெடுக்கும். ஆவியைப் பிடித்து வைக்கும் கரிப்பெட்டி உள்ள புது வண்டிகளில் பெட்ரோல் அதற்குள் போய்விடும், அது அதற்கு ஆகாது. மூடிக்குக் கீழே இறங்கும் கழுத்தின் அடி விளிம்போடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கார்புரேட்டர் வண்டியின் கதை வேறு. இங்கே டேங்கைவிட முக்கியமான இடம் கார்புரேட்டரின் அடிக்கிண்ணம். அதில் நிற்பது சில கரண்டிப் பெட்ரோல்தான். ஆனால் அதுதான் முதலில் ஆவியாகி முதலில் பிசினாகிறது. ஐட்லிங்குக்கு, அதாவது முறுக்காதபோதும் எஞ்சின் மெல்ல ஓட, பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டின் துளை ஊசிமுனை அளவு. அது முதலில் அடைபடும். வெளிநாட்டிலிருந்து வந்தவர் மெக்கானிக் கடையில், "அண்ணாச்சி, சோக் போட்டால் ஓடுகிறது, சோக்கை எடுத்தால் நின்றுவிடுகிறது" என்று சொல்லும் புகாருக்கு அநேகமாக இதுதான் காரணம். கிண்ணத்தைக் கழற்றினால் இரண்டு விதக் கேடு தெரியும். பழுப்பாக ஒட்டிக்கிடந்தால் அது பெட்ரோல் பிசின். கரைக்கும் திரவத்தில் ஊறவைத்தால் போய்விடும். வெள்ளையாகச் சுண்ணாம்புத் தூள் மாதிரி படிந்திருந்தால், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து உலோகத்தையே தின்றிருக்கிறது என்று பொருள். அதைச் சுரண்டி எடுக்கலாம், தின்ற இடம் திரும்ப வராது.

இதைத் தவிர்க்க ஊரில் செய்வது, பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிடுவது. ஒன்றும் செய்யாததைவிட மேல், அவ்வளவுதான். ஜெட்டின் வாய் கிண்ணத்தின் அடியைத் தொடாது. எனவே எஞ்சின் நின்ற பிறகும் அடியில் கொஞ்சம் தங்கும். தண்ணீர் கனமானது, அது இருக்கிற இடமும் அந்த அடிதான். கிண்ணத்தின் கீழே வடிகட்ட ஒரு திருகு இருக்கிறது. டேப்பை மூடி, கிண்ணத்திலிருந்து கீழே தொங்கும் குழாயை ஒரு புட்டிக்குள் விட்டு, அந்தத் திருகை இரண்டு சுற்றுத் தளர்த்தினால் மிச்சமும் இறங்கிவிடும். திரும்ப முறுக்கும்போது பலம் காட்டக் கூடாது. கிண்ணம் மென்மையான உலோகம், மரை போய்விடும். ஐந்து நிமிட வேலை, செலவு ஒன்றுமில்லை. ஒரு மாதத்துக்கு மேல் நிற்கும் எந்தக் கார்புரேட்டர் வண்டிக்கும், டேங்கை நிரப்பினாலும் வடித்தாலும், இது கட்டாயம் என்பேன்.

டேப்பை மூடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. திறந்தே விட்டால், கிண்ணத்துக்குள் பெட்ரோலை நிறுத்தும் ஊசி ஒருநாள் தூசியில் சிக்கிக்கொள்ளும்போது டேங்க் முழுவதும் மெல்ல இறங்கிவிடும். நல்ல காலமாக இருந்தால் தரையில் ஒழுகும். இல்லையென்றால் எஞ்சினுக்குள் போய் ஆயிலோடு கலக்கும். ஸ்கூட்டர்களுக்கும் இந்தக் கணக்குப் பொருந்தும் என்றாலும், பலவற்றில் கையால் மூடும் டேப் கிடையாது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

கிண்ணம் வடிந்துவிட்டது, டேப் மூடிவிட்டது என்றால் கார்புரேட்டர் வண்டியின் டேங்க் கேள்வி எளிதாகிவிடுகிறது. ஆறு மாதம் வரை நிரப்பி வைக்கலாம். ஸ்டெபிலைசர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் திரும்பி வந்ததும் அந்தப் பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிது ஊற்றலாம். ஒரு வருடத்துக்கு மேல் என்றால் வடிப்பதே சரி. லிட்டர் 100 ரூபாயைத் தாண்டிய பெட்ரோலை 13, 15 லிட்டர் நிரப்பிக் கெடவிடுவதில் அர்த்தமில்லை. ஆனால் வடித்த டேங்கை வெறுமனே விட்டால், விடியற்காலையில் குளிர்ந்த இரும்பில் ஈரம் பூத்து, அடுத்த மழைக்காலத்துக்குள் உள்ளே செம்மண் நிறம் ஏறிவிடும். வடித்த பின் மூடியைத் திறந்து நன்றாகக் காயவிட்டு, கொஞ்சம் எஞ்சின் ஆயிலை ஊற்றி, டேங்கைக் கழற்றி எல்லாப் பக்கமும் புரட்டி உட்சுவர் முழுக்கப் பூச வேண்டும். இந்தப் பூச்சைச் செய்ய ஆளில்லை என்றால் வடிக்க வேண்டாம், நிரப்பியே வையுங்கள். அரைகுறையாக வடித்த டேங்கைவிடப் பழைய பெட்ரோல் நிறைந்த டேங்கை மீட்பது சுலபம்.

வடித்த பெட்ரோல் கெடாததாக இருந்தால் வீட்டில் ஓடுகிற இன்னொரு வண்டிக்குப் போகட்டும். குளிர்பான புட்டிகளில் ஊற்றிப் பரண்மேல் ஏற்றும் பழக்கத்தை விடுவது நல்லது. சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் இறுக மூடிய சரியான கலனில்தான். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும். தார்சா என்னும் முன்தாழ்வாரத்தில் வண்டியை வைத்து வடிக்க, பத்தடி தள்ளிப் பூஜை அறையில் குத்துவிளக்கு எரிகிறது என்றால் மேலே சொல்ல வேண்டியதில்லை. வேலையை முற்றத்திலோ தெருவாசலிலோ, பகல் வெளிச்சத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது மைத்துனர். வாரத்துக்கு ஒருமுறை வந்து, நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிடம் முறுக்கிவிட்டுப் போவதால் வண்டிக்கு எதுவும் கிடைப்பதில்லை. எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் நிறுத்தினால், எரிதலில் உண்டான நீராவி சைலன்சரிலும் ஆயிலிலும் தண்ணீராகத் தங்குகிறது. ஸ்டார்ட் செய்ய எடுத்த சார்ஜை ஐந்து நிமிட ஓட்டம் பேட்டரிக்குத் திருப்பித் தராது. வடித்து வைத்த கார்புரேட்டர் கிண்ணம் மறுபடி நிறைகிறது. டேங்க் மெல்லக் குறைகிறது, அதை யாரும் நிரப்புவதில்லை. முதல் இரண்டு மாதம் உற்சாகமாக வருகிறவர், பிறகு கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் வரும்போது மட்டும் பார்க்கிறார். கடைசியில் வண்டி, கால் டேங்க் பழைய பெட்ரோலும் நிறைந்த கிண்ணமுமாக நிற்கிறது.

அதே மைத்துனரிடம் சாவியை முழுதாகக் கொடுத்து, "ஓட்டிக்கொள்ளுங்கள், இன்ஷூரன்ஸ் மட்டும் விட்டுவிடாதீர்கள்" என்று சொல்லிவிட்டால், ஒரு வருடத்துக்கு மேல் வெளியே இருப்பவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. பெட்ரோல் வாராவாரம் புதிதாகிக்கொண்டே இருக்கும். கீறல் விழும்தான். கீறலுக்கு மனம் ஒப்பாதவர்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை டேங்கில் உள்ளதை ஓட்டித் தீர்த்துவிட்டு மறுபடி புதுப் பெட்ரோலும் ஸ்டெபிலைசரும் நிரப்பி நிறுத்தும்படி கேட்டுக்கொள்ளலாம். வருடத்துக்கு இரண்டு நாள் வேலை என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள். இரண்டு வருடம் நிற்கப்போகும் இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு இதுதான் என் தேர்வு. வீட்டில் வயதான பெற்றோர் மட்டும்தான், ஓட்ட ஆளே இல்லை என்றால் விற்றுவிடுவதைப் பற்றியும் வெட்கப்படாமல் யோசிக்கலாம்.

நிறுத்தும் இடம் பற்றிச் சுருக்கமாக. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருகியபோது திருநெல்வேலி சந்திப்பு பஸ் நிலையமே மூழ்கியது. ஆற்றை ஒட்டிய தெருக்களில் தரைமட்டத்தில் நிற்கும் வண்டிக்கு எந்தப் பெட்ரோல் யோசனையும் உதவாது. மேடான வீட்டில் இடம் கேட்டு நிறுத்துவதே வழி. எலி ரப்பர் குழாயைக் கடிக்கும். குளவி, சைலன்சர் வாயையும் காற்றுக் குழாய்களையும் மண்வைத்து அடைக்கும். குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளைச் சத்தம் கேட்கும் என்று கலைக்கவிடாத ஆச்சிகள் இன்னும் இருக்கிறார்கள். சைலன்சரை முன்கூட்டியே துணியால் அடைத்துவிட்டால் சண்டை இல்லை. ஒரு நிறத் துணியின் நுனி வெளியே தெரியட்டும், எடுக்க மறக்காது.

வண்டியை ரயில் பார்சலில் கூடவே கொண்டுபோகிறவர்களுக்கு இந்த ஒப்பீடே தேவையில்லை. டேங்கைக் காலி செய்துதான் ஏற்ற வேண்டும்.

திரும்பி வந்த அன்று முதலில் மூக்கை வேலை வாங்க வேண்டும். மூடியைத் திறந்து முகர்ந்தால் பெட்ரோலின் கூர்மையான வாடை வர வேண்டும். பழைய வார்னிஷ் வாடை வந்தால் ஸ்டார்ட் செய்யாமல் வடித்துவிட வேண்டும். கொஞ்சத்தைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து வைத்துப் பார்த்தால், அடியில் தனி அடுக்காக ஏதாவது நிற்கிறதா என்பதும் தெரிந்துவிடும். ஆயில் பூசிய டேங்க் என்றால் முதல் ஒரு லிட்டர் பெட்ரோலால் அலசிக் கொட்டிவிட்டுப் பிறகு நிரப்ப வேண்டும்; முதல் சில நிமிடம் புகை வரும், பயப்பட வேண்டாம். இன்ஜெக்‌ஷன் வண்டியில் ஸ்டார்ட்டரை அழுத்துவதற்கு முன் சாவியை இரண்டு மூன்று முறை போட்டு அணைத்தால் பம்ப் குழாயை நிரப்பிக்கொள்ளும். கார்புரேட்டர் வண்டியில் டேப்பைத் திறந்துவிட்டுப் பத்து நிமிடம் சும்மா இருங்கள். அந்த நேரத்தில் குழாயின் இரு முனையையும் கிண்ணத்தின் அடியையும் விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் புதுக் குழாய் வாங்கி வரும் வரை சாவி வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.